பட்டியலில் பதினான்காவது

சூடாமணி மாமி அமெரிக்காவுக்குக் கிளம்பியது 1995 ஜனவரி பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. பொங்கல் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வாசல் கோலத்தின் செம்மண் கரை இன்னும் அழியவில்லை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கும் என்று, பத்தரைக்கே இரண்டு பெட்டிகளையும் மூடி நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின் மேல் குங்குமம் வைத்துவிட்டார் அவள் கணவர் வேம்பு. நல்ல நேரத்தில் கட்டிய பெட்டியைப் போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சீப்பை மறந்தாலும் சரி, மூக்குக் கண்ணாடியை மறந்தாலும் சரி, மறந்தது மறந்ததுதான்.

அன்று நான் ஊரில் இல்லை. ஆனால் எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, சித்திரக்குளத்துக்குப் பின்னால். பின்னாளில் வேம்பு மாமா அந்த ஒரு நாளை என்னிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். என் அம்மாவும் சொன்னாள். டாக்சிக்காரர் இனாயத்தும் சொன்னார். மூவர் சொன்னதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் தெருவிலிருந்து யார் மீனம்பாக்கம் போனாலும் இனாயத்தின் அம்பாசடரில்தான் போவார்கள். பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைக்கும்போது அவர் முனகினாராம்.

"இன்னா சாமி, உள்ள இன்னா வெச்சிக்கீறே, கோயில் தேரை மடிச்சு வெச்சிக்கீறியா?"

"முப்பத்தொண்ணரைக் கிலோ. முப்பத்திரண்டு வரைக்கும் விடுவான். அரைக் கிலோ அவனுக்கு விட்டுக் குடுத்திருக்கேன்" என்றார் மாமா.

"வண்டிக்கு யாரு விட்டுக் குடுப்பாங்கோ? ஸ்பிரிங்கு ஒக்காந்துகினுச்சு பாரு. அம்மா, நீ வர்ற வரிக்கும் சாமிக்குச் சோறு யாரு?"

"குக்கர் வைக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன் இனாயத். மூணு விசில். மாமாவுக்கு எண்ணத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது" என்றாள் மாமி.

விமான நிலையத்தில் பயணிக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. மாமா வெளியே கண்ணாடிச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கவுண்டர் அங்கிருந்து தெரிந்தது. சீருடை போட்ட ஒரு பெண், பெட்டிமேல் இருந்த கயிற்றைத் தொட்டுக் காட்டி மாமியிடம் ஏதோ கேட்டாள். மாமி திரும்பிக் கண்ணாடிக்கு வெளியே நின்ற கணவரைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். பெட்டி உள்ளே போய்விட்டது. மாமா கடைசியாகப் பார்த்த மாமி அதுதான்.

வேம்பு மாமா பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எந்தப் பெட்டியில் என்ன சாமான், எத்தனை எண்ணிக்கை, எவ்வளவு எடை என்று பட்டியல் டைப் அடிப்பதுதான் வேலை. கப்பலில் ஏறியதில்லை. விமானத்திலும் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. ஆனால் எண்பதுகளின் நடுவிலிருந்து எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை வெளிநாடு போனாலும், பெட்டி கட்ட அவர்தான் வருவார். முன்னறையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால், வீட்டுக்காரர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான், தொடக் கூடாது. 1992-இல் என் பெட்டியையும் அவர்தான் கட்டினார்.

ஊறுகாய் அவருடைய தனித் திறமை. பாட்டிலில் மேலே மூன்று விரற்கடை இடம் விடுவார். மேலே போனால் காற்று உப்பும், அதற்கு இடம் வேண்டும் என்பார். வாயில் பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்து வைத்து மூடியை இறுக்குவார். மூடி திரும்பும் திசையிலேயே டேப் சுற்றுவார். பிறகு பாட்டிலைத் தலைகீழாக ஒரு இந்து பேப்பர்மேல் நிறுத்திவைப்பார். மறுநாள் காலையில் பேப்பரில் கடுகளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் அந்தப் பாட்டிலுக்குப் பயணம் கிடையாது. தேறிய பாட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டுப் பால்பவுடர் டின்னுக்குள் போகும். டின்னைச் சுற்றிலும் சாம்பார்ப் பொடிப் பொட்டலங்கள். வாசல் நிலையில் ஒரு கொக்கி. அதில் ஸ்பிரிங் தராசு. எல்லாம் முடிந்ததும் பட்டியலை டைப் அடித்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுவார். எனக்கு ஒட்டிய பட்டியலில் மூன்றாவது சாமான், "மாவடு (திரவம் உண்டு)."

திரவம் விஷயத்தில் அவரிடம் பேச்சே கிடையாது. திரவம் எதுவானாலும் பெரிய பெட்டியில், நடுவில். கைப்பையில் ஒரு சொட்டுக் கூடாது. இது கப்பல் ஏஜென்சியில் படித்த பாடம்: ஒழுகுகிற சரக்கு எப்போதும் அடித்தட்டில். போதாக்குறைக்கு, எங்கள் தெருவில் ஒருவர் கைப்பையில் நல்லெண்ணெய் பாட்டிலோடு போய், அது தலைக்கு மேலிருந்து ஒழுகி, கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் தலையில் சொட்டியது. "தொரைக்கு சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் பண்ணிவெச்சுட்டான்" என்று மாமா அதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் கைப்பையிலிருந்து செக்யூரிட்டிக்காரர் எலுமிச்சை ஊறுகாயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த விதி இன்னும் இறுகியது.

மாமிக்குச் சர்க்கரை வியாதி. ஒன்பது வருடமாகத் தினம் காலையில் இன்சுலின் ஊசி. நியூஜெர்சியில் இருந்த ஒரே மகள் மைதிலிக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் தங்கப் போகிறாள் என்பதால், ஆறு மாதத்துக்கான மருந்தையும் வாங்கியாயிற்று.

அதையும் மாமா பெரிய பெட்டியில்தான் வைத்தார். அவர் அலட்சியமாக வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிகம் யோசித்தார். எங்கள் ஊரில் இன்சுலினுக்கு ஒரே எதிரி சூடு. மருந்துக்கடையில் கொடுக்கும்போதே "வெயில் படாம பாத்துக்குங்க" என்பார்கள். கோடையில் கரண்ட் போனால் மாமி பாட்டிலை டம்ளரில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். மருந்து குளிரிலும் கெடும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. மெட்ராஸில் எதுதான் குளிரில் கெட்டிருக்கிறது? "பிளேன்ல மேல ஜனங்க மூச்சுக் காத்து, உஷ்ணம். கீழ ஜில்லுனு இருக்கும். மருந்துக்கு அதுதான் உத்தமம்" என்றார். தெர்மகோல் டப்பாவில் பஞ்சு வைத்து, பாட்டில்களை அடுக்கி, இரண்டு பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பொதிந்து வைத்தார். பட்டியலில் பதினான்காவது: "மருந்து (திரவம்)."

"ஏன்னா, ஒண்ணே ஒண்ணைக் கையில வெச்சுக்கட்டுமா?" என்று மாமி கேட்டாளாம்.

"ஊசியும் வெச்சுக்கணுமே. செக்யூரிட்டியில புடிச்சு வெச்சுண்டு நிக்க வெப்பான். உனக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லத் தெரியுமா?"

"தெரியாது. சரி. நடுவுல ஒரு நாள் ஏகாதசின்னு நெனச்சுக்கறேன்."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு. இதையும் மாமாதான் என்னிடம் சொன்னார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

மாமி போய் இறங்கினாள். அந்தப் பெட்டி இறங்கவில்லை. எங்கோ வேறு ஊருக்குப் போய்விட்டது. அன்றைக்கே மைதிலிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் டாக்டரிடம் போனால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்று மாமி இங்கேயே கேள்விப்பட்டிருந்தாள். அதனால் ஊசி இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சப்பாத்தி, கொஞ்சம் மோர் என்று சாப்பிட்டுக்கொண்டு பெட்டிக்காகக் காத்திருந்தாள்.

நான்காம் நாள் பெட்டி வந்தது. பனியில் வெளியே கிடந்திருக்க வேண்டும். மாமி அன்று மெட்ராஸுக்கு ஃபோன் செய்து, பேத்தி பிறந்த சேதியைச் சொல்லிவிட்டு, "ஊறுகாய் எண்ணெய் நெய் மாதிரி ஒறைஞ்சு போயிருக்குன்னா. ஆனா ஒரு சொட்டு வெளிய வரலை. மாப்பிள்ளையே அசந்துட்டார்" என்றாள். மாமா அதைத் தெரு முழுக்கச் சொன்னார். என் அம்மாவிடம் வந்து இரண்டு முறை சொன்னார்.

எண்ணெய் உறைந்த பெட்டியில் மருந்தும் உறைந்துதான் இருந்திருக்கும். உறைந்து உருகிய இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமம். மாமி அதைத் தினம் காலையில் தவறாமல் போட்டுக்கொண்டாள். தாகமாக இருக்கிறது, அசதியாக இருக்கிறது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே பத்தியச் சமையல் செய்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டினாள். ஒரு வாரம் கழித்து சமையலறையில் விழுந்தாள். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி, ஆஸ்பத்திரியில், நினைவு திரும்பாமலே போய்விட்டாள். ஐம்பத்துநாலு வயது.

மாப்பிள்ளை ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "மாமா, டாக்டர் மருந்து பாட்டிலை வாங்கிப் பாத்தார். இது ஏன் பெரிய பெட்டியில வந்ததுன்னு கேட்டார்."

பாஸ்போர்ட் இல்லாததால் மாமாவால் போக முடியவில்லை. மார்ச்சில் மாப்பிள்ளை அஸ்தியைக் கொண்டுவந்தார். சின்னக் கைப்பையில், மடியில் வைத்தபடியே இனாயத்தின் வண்டியில் வந்து இறங்கினார்.

"இது கையிலயா வந்தது?" என்று மாமா கேட்டார்.

"ஆமாம் மாமா. இதைக் கையிலதான் எடுத்துண்டு போகணும்னு ஏர்லைன்ஸ்ல சொன்னா."

"சொன்னாளா? இதுக்கு மட்டும் சொன்னாளா?"

இனாயத் இதைச் சொல்லும்போது, "அப்பால சாமி இன்னா பண்ணாரு தெரியுமா, பாப்பா? தெருவுல அப்டியே ஒக்காந்துகினாரு" என்று அங்கேயே நிறுத்திவிடுவார்.

நான் ஊர் திரும்பியது 1998 கடைசியில். ஊர் பேர் மாறிச் சென்னை ஆகியிருந்தது. ஆறு வருடத்தில் பல ஊர்களில் இருந்துவிட்டு, இனி எந்த ஊர் என்று தெரியாமல், பெட்டியைப் பாதி பிரித்தும் பிரிக்காமலும் அம்மா வீட்டில் இருந்தேன். வேம்பு மாமாவின் வாசல் நிலையில் கொக்கி இருந்தது, தராசு இல்லை. அவர் யாருக்கும் பெட்டி கட்டுவதில்லை. மைதிலி தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சினாள். போகவில்லை. குழந்தையின் படத்தை அனுப்பினாள். உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

ஒரு நாள் பாலவாக்கத்திலிருந்து ஜாஸ்மின் என்ற பெண் வந்தாள். அவள் அண்ணனுக்கு முன்பு மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டியவர் மாமாதான். கருவாட்டைத் தொட மாட்டார். ஆனால் அவளுடைய அம்மாவை உட்காரவைத்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் மடிப்பு என்று தள்ளி நின்று சொல்லிச் சொல்லியே கட்டவைத்தாராம். இப்போது அவளே துபாய்க்கு வீட்டுவேலைக்குப் போகிறாள்.

"ஐயரே, அன்னிக்கு நீ சொல்லிக் கட்டுன பொட்டி மஸ்கட்ல தொறக்குற வரிக்கும் ஒரு நாத்தம் வெளிய வரலியாம். எங்கண்ணன் இன்னும் சொல்லிக்கினு கீறான். எனக்கும் ஒரு தபா சொல்லு. இஞ்சி தைலம் கீது, எங்கம்மா காய்ச்சுனது."

"தைலமா? வேண்டாம்மா. போயிடு" என்றார் மாமா.

"இன்னா ஐயரே, நாய வெரட்டுற மாதிரி?"

"நான் கட்டினா ஆகாதும்மா. போ."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது மாமா டைப்ரைட்டர்முன் உட்கார்ந்திருந்தார்.

நான்கு வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். அந்த விமானக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார். நஷ்டஈடு கேட்கவில்லை. எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி: பெட்டிக்குள் மருந்து இருக்கிறதா என்று அன்று உங்கள் பெண் என் மனைவியிடம் கேட்டாளா, இல்லையா? அவர்களுடைய பதிலும் ஒன்றுதான்: வருந்துகிறோம், எங்கள் ஊழியர்கள் பயணிகளிடம் கேட்கும்படி பயிற்சி பெற்றவர்கள். அண்ணா சாலையில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு 12B பஸ் பிடித்துப் போவார். டை கட்டிய ஓர் இளைஞன் டிக்கெட் உறையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினானாம். வழியில் தேவைப்படும் மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளவும். மாமா அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறார். மருந்து என்றால் மாத்திரை என்றுதான் அவர் நினைத்திருந்தார். திரவம் என்று வந்துவிட்டால் அது வேறு கணக்கு.

"கேட்டிருப்பாங்க சார்" என்றான் அந்த இளைஞன்.

"கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு" என்றார் இவர்.

அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். என்னிடமும் சொல்வார்: "வெச்சது நான். இல்லேங்கலை. ஆனா அந்தப் பொண் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அவ எடுத்துண்டிருப்பா. அவா கேக்கலை. அப்போ பாதித் தப்பு அவாளோடது. பாதியைத்தானே நான் சுமக்கணும்? என்ன சொல்ற?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் உதட்டை அசைத்த மாதிரியே அசைத்துக் காட்டுவார். ஜன்னலோரமா, நடைவழியோரமா என்று கேட்டிருப்பாள். இல்லாவிட்டால் கயிறு அழகாகக் கட்டியிருக்கிறது என்று சொல்லியிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்.

ஒரு நாள் நேராகவே கேட்டார். "ஏண்டிம்மா, நீ எத்தனை தடவை ஏறி எறங்கியிருக்க. பெட்டியில மருந்து இருக்கான்னு உன்னை எப்பவாவது கேட்டிருக்காளா?"

கேட்டிருக்கிறார்கள். நைரோபியில், காட்மாண்டுவில், மீனம்பாக்கத்திலேயே ஒரு முறை. "இல்லை மாமா. ஒரு தடவைகூட இல்லை" என்றேன்.

அன்று அவர் என் கையால் காப்பி வாங்கிக் குடித்தார்.

1999 ஆகஸ்டில், ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு, மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். தபாலில் ஒரு கவர் வந்திருந்தது. அதற்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து அவரால் படிக்க முடிவதில்லை. கவருக்குள் ஒரு வெள்ளைத் தாளும், மடித்து ஒட்டிய நீல இன்லேண்டு லெட்டரும் இருந்தன. அந்த எழுத்து எனக்குத் தெரியும். சின்ன வயதில் பட்சணத் தட்டோடு வரும் துண்டுச்சீட்டுகளில் பார்த்த எழுத்து.

முதலில் வெள்ளைத் தாளைப் படித்தேன். கோடம்பாக்கத்திலிருந்து சுலோச்சனா என்ற அம்மாள் எழுதியிருந்தார். 1995-இல் விமானத்தில் சூடாமணி மாமிக்குப் பக்கத்து ஸீட். மாமி கைப்பையில் ஒரு கட்டு இன்லேண்டு லெட்டர் கொண்டுவந்திருந்தாள், அதெல்லாம் அந்த ஊர்த் தபாலில் செல்லாது என்பது தெரியாமல். சுலோச்சனா மூன்று வாரத்தில் திரும்புகிறவர் என்பதால், விமானத்திலேயே எழுதிய ஒன்றை ஊரில் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். பெட்டியின் பக்கப்பையில் செருகியவர் மறந்தேபோனார். இப்போது மகனிடம் போவதற்காகப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது அகப்பட்டது. "மன்னிக்கவும். மாமியை ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று முடித்திருந்தார்.

"அவ எழுதினதைப் படி" என்றார் மாமா. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முகத்தில், ஊர் திரும்பியதிலிருந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

பிரித்து, முதல் வரிகளைப் படித்தேன். நமஸ்காரம், க்ஷேமம், கீழே மேகம் பஞ்சு மாதிரி இருக்கிறது, சாப்பாட்டில் வெங்காயம், தயிர் மட்டும் சாப்பிட்டேன். கண் அடுத்த வரிக்குப் போயிற்று. நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட? எழுத்து புரியலையா? அவ எழுத்து முத்து முத்தா இருக்குமே."

தாண்டிப் படித்திருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருமுறை பொய் சொன்னபோது அது என் வார்த்தை. இது மாமியுடையது, அவருக்கு எழுதியது.

"படி" என்றார்.

படித்தேன்.

"அந்தக் கவுண்டர் பொண் ரொம்ப நல்ல மாதிரி. தமிழ்லயே பேசினா. பெட்டிக்குள்ள மருந்து ஏதாவது இருக்கா மாமி, இருந்தா கைப்பையில வெச்சுக்கோங்கோ, கயிறை நானே வெட்டித் தரேன்னு சொன்னா. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடியில மூக்கை அழுத்திண்டு கொழந்தை மாதிரி நின்னுண்டு இருந்தேள். மூணு நாள் உக்காந்து கட்டின பெட்டி. உங்கள் கண் எதிரிலேயே அந்தக் கயிறை அறுக்க எனக்கு மனசு வரலை. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். ஒரு பொய்தான், பகவான் மன்னிச்சுடுவார். இன்னிக்கு ஊசி போட்டுக்காததுல கொஞ்சம் தலை சுத்தறது, போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தா சரியாயிடும். நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கோ. நீங்கள் கட்டின பெட்டி, பத்திரமா வந்துடும்."